குழி அடைக்கிறவன்

சால்மியா, ஆகஸ்ட், இரவு பதினொன்றே முக்கால்.
வெளியே நாற்பது டிகிரி.
உள்ளே பனித்தளம் மைனஸ் மூன்றரை.
நடுவில் ஒரு ரப்பர் திரை,
அதைத் தோளால் தள்ளிக்கொண்டு நான்,
கையில் வாளி.

எர்லான் போன பிறகு குழிகளை எண்ணுவேன்.
நேற்று அறுபத்து மூன்று.
சறுக்குக் காலணியின் முனைப் பற்கள் குத்திய இடத்தில்
சுண்டுவிரல் ஒரு கணு இறங்கும்.
பனிச்சேறு அள்ளி அப்பி
உள்ளங்கையால் தேய்த்துத் தண்ணீர் தெளித்து
அடுத்ததற்குத் தவழ வேண்டும்.
பத்தொன்பது வயதுப் பையன்.
நான் ஒரு தும்மலைத் தொடங்கி முடிப்பதற்குள்
காற்றில் நான்கு சுற்று சுற்றி இறங்கியிருப்பான்.
இறங்கும் சத்தம் கம்ப்ரசர் அறைவரை கேட்கும்.

லெவான் போன பிறகு குழி கிடையாது.
இருந்தால் இரண்டு மூன்று,
அதுவும் ஓரத்தில், கூச்சத்தோடு.
மற்றபடி கோடுகள்தான்;
இந்தக் கோடியில் வைத்த பேனாவை
அந்தக் கோடியில்தான் எடுத்த மாதிரி.
இருபத்தெட்டு வயது, வலது முழங்காலில் பட்டை.
அவன் வந்தால் பிமல் தாப்பா துடைப்பத்தை நிறுத்திவிடுவான்.
நான் நிறுத்த மாட்டேன்
என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.

உனக்கு யார் பிடிக்கும், பிமல் கேட்டான்.
என் முதுகைக் கேள் என்றேன்.
முதுகு, லெவான் கட்சி.

வெள்ளிக்கிழமை அழைப்புப் போட்டி.
தாவலுக்கு விலைப்பட்டியல் இருக்கிறது:
இத்தனை சுற்றுக்கு இத்தனை புள்ளி,
கால் சுற்று குறைந்தால் கழிவு,
படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள்.
மற்றதற்கும் மதிப்பெண் உண்டு, ஆனால் கண்மதிப்பு.
என் ஓவர்டைம் தாளும் இதே சாதி.
மணிக்கணக்கு எழுதக் கட்டம் உண்டு,
வளைவில் வண்டியை எப்படித் திருப்பினேன் என்பதற்கு இல்லை.
(ஒரே ஒருவன் கேட்டான். தடுப்பில் சாய்ந்து நின்ற லெவான்:
மூலையில் ஏன் வேகத்தைக் குறைக்கிறாய்?
தண்ணீர் தேங்கும் சார் என்றேன்.
தலையை ஆட்டினான், ஏதோ ரகசியம் சொன்னதுபோல.)

எர்லான் இரண்டு முறை விழுந்தான்.
ஒரு தடவை விலா தளத்தில் உரசி
விளம்பரப் பலகைவரை போனான்.
எழுந்து, மிச்சமிருந்த மூன்றையும் தாவினான்.
லெவான் விழவில்லை. அவன் கையைத் தாழ்த்திய இடத்தில்
மூன்றாம் வரிசைக் குழந்தையின் பாப்கார்ன்
வாய்க்குப் போகாமல் நின்றது.
எர்லான் பதினொரு புள்ளியில் ஜெயித்தான்.
மேல் வரிசையில் யாரோ சீட்டி அடித்து ஏசினார்கள்.
நானும் ஏசினேன், தமிழில், யாருக்கும் புரியாமல்.

பிறகு வாளி, பிறகு தவழல்.
வடக்கு மூலையில் ஒரு குழி, ஆழமானது.
அடைக்கப் போனவன் அதற்கு முந்தின கோட்டைப் பார்த்தேன்.
பின்பக்கமாகவே ஓடி வந்த வளைவு,
வெளிவிளிம்பில், நாற்பது அடி.
கோடு ஒரு பக்கம் வளையும்,
தாவல் எதிர்ப்பக்கம் சுழல வேண்டும்.
பயத்தில் கடைசி ஒரு சாணில்
விளிம்பை மாற்றிவிடுவார்கள் பெரும்பாலோர்;
கோடு அங்கே பாம்பாக நெளியும்,
எத்தனையோ இரவு அடைத்திருக்கிறேன்.
இது நெளியவில்லை.
குழியின் வாசல்வரை அப்படியே வந்து நின்றது.
இதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.
எல்லாரும் அடுத்து வரப்போவதற்காக
மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது.
நானும்தான்.

குழியை அடைத்தேன்.
கோட்டை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் வண்டி ஓட்டினேன்.
கடைசியில் அதன் மேலும் ஓட்டினேன்;
காலை ஆறு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள்.
ஏழு நிமிடத்தில் உறைந்தது.

பிமல் விளக்குகளை அணைத்துக்கொண்டே
மறுபடி அதையே கேட்டான்.
வாளி கனக்கிறது,
ஒரு பக்கம் பிடி என்றேன்.